கார்டிகன் பின்னுவதற்கு முன் மாதிரித் துண்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முன்பக்கம் திறந்து பட்டன் போடும் ஸ்வெட்டரான கார்டிகனைத் தொடங்கும் முன், அதே நூலில் அதே ஊசியில் பின்னிப் பார்க்கும் சிறு சதுரத்தைத்தான் மாதிரித் துண்டு அல்லது ஸ்வாட்ச் என்கிறோம். 10 செ.மீ. அகலத்தில் எத்தனை கண்ணி, 10 செ.மீ. உயரத்தில் எத்தனை வரிசை என்ற கணக்குக்குப் பெயர் கேஜ். கீழே வரும் பதில்களுக்கெல்லாம் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம்: டிகே எனப்படும் இடைப்பட்ட தடிமன் நூல், 4 மி.மீ. ஊசி, பேட்டர்ன் (பின்னல் செய்முறைக் குறிப்பு) கேட்கும் கேஜ் 22 கண்ணி 30 வரிசை, முடித்த கார்டிகனின் மார்புச் சுற்றளவு 100 செ.மீ.

ஒரு கண்ணி கூடக்குறைய இருந்தால் என்ன ஆகிவிடும்?

100 செ.மீ. சுற்றளவுக்கு 220 கண்ணி வேண்டும். உங்கள் கை சற்றுத் தளர்ந்து 10 செ.மீ.க்கு 21 கண்ணி வந்தால் அதே 220 கண்ணி 104.8 செ.மீ. ஆகிவிடும். 20 வந்தால் 110 செ.மீ. இறுக்கமாகப் பின்னி 23 வந்தால் 95.7 செ.மீ.தான் கிடைக்கும். அரைக் கண்ணி வித்தியாசம்கூட (21.5) உடுப்பில் 2 செ.மீ.க்கு மேல் காட்டும்.

மஃப்ளருக்கு இது பொருட்டில்லை. தலைவழி போடும் ஸ்வெட்டரும் ஓரளவு இழுத்துக் கொடுத்துச் சமாளிக்கும். கார்டிகனில் முன்பக்கம் பட்டனில் முடிகிறதே, அங்கேதான் பிடிபடும். 4 செ.மீ. குறைந்தால் பட்டன்களுக்கு இடையே வாய் பிளக்கும்; 10 செ.மீ. கூடினால் தோள் நழுவி, பட்டன் பட்டி நேராக நிற்காமல் வளையும்.

எவ்வளவு பெரிதாகப் பின்ன வேண்டும்?

அளக்கும் பகுதி மட்டும் 15 செ.மீ. சதுரமாவது இருக்க வேண்டும். ஓரக் கண்ணிகளும், முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் அருகில் உள்ளவையும் இழுபட்டே இருக்கும். நடுவில் உள்ள 10 செ.மீ.தான் உண்மையைச் சொல்லும். மொத்தமே 10 செ.மீ. வரும்படி ஒரு சதுரம் பின்னி அளப்பது வெறும் கண்துடைப்பு.

எடுத்துக்காட்டு நூலுக்கு இப்படிச் செய்யலாம்:

1. 44 கண்ணி ஏற்றுங்கள். கண்ணி ஏற்றும்போது நூலை இறுக்காதீர்கள். இறுக்கினால் அடிப்பகுதி குறுகித் துண்டு விசிறிபோல விரியும்.
2. 6 வரிசை முழுக்க நிட், அதாவது நேர்க்கண்ணி (எல்லா வரிசையும் நிட்டாக வரும் இந்தப் பின்னலுக்குப் பெயர் கார்டர்).
3. அடுத்த 46 வரிசைகளில் இரு ஓரத்திலும் 4 கண்ணி கார்டர், நடுவில் 36 கண்ணி ஸ்டாக்கினெட். அதாவது வெளிப்பக்க வரிசை நிட், உள்பக்க வரிசை பர்ல் (நிட்டின் மறுபக்கத் தோற்றம் தரும் கண்ணி).
4. மறுபடி 6 வரிசை கார்டர் பின்னி, தளர்வாக முடியுங்கள். ஒரு அளவு பெரிய ஊசியால் முடித்தால் இறுகாது.

நடுப்பகுதி ஏறத்தாழ 16 செ.மீ. அகலமும் 15 செ.மீ. உயரமும் வரும். தடித்த நூல் என்றால் கண்ணிகள் பெரிதாக இருப்பதால் 20 செ.மீ. வரை போவது நல்லது. 10 செ.மீ.க்கு 12 கண்ணி மட்டுமே வரும் நூலில் ஒரு கண்ணிப் பிழை என்பது 8 சதவீதத்துக்கும் மேல்.

கார்டர் ஓரம் கட்டாயமா?

இல்லை. ஸ்டாக்கினெட் சுருண்டுகொள்ளும் என்பதால் அளக்க வசதியாக இருக்கட்டும் என்றுதான் அது. ஆனால் கார்டரில் அதே உயரத்துக்குக் கூடுதல் வரிசைகள் பிடிக்கும், எனவே பக்கவாட்டு ஓரம் ஸ்டாக்கினெட்டை உயரவாக்கில் சற்று இழுத்துப் பிடிக்கும். ஓரத்திலிருந்து 2 செ.மீ. உள்ளே தள்ளி அளந்தால் பாதிப்பு இராது. ஓரமே இல்லாமல் பின்னிக் கழுவி, இழுக்காமல் குண்டூசி குத்திக் காயவைத்து அளப்பவர்களும் உண்டு, அதுவும் சரிதான்.

எந்த ஊசியில் தொடங்குவது?

நூல் லேபிளில் இருக்கும் ஊசி அளவைப் பார்த்தல்ல, பேட்டர்ன் சொல்லும் அளவிலிருந்து தொடங்குங்கள். லேபிளில் இருப்பது அந்த நூலுக்கான பொதுவான அளவு. பேட்டர்னை எழுதியவர் துணி தொளதொளவென்று விழ வேண்டும் என்பதற்காகப் பெரிய ஊசியை எடுத்திருக்கலாம். பேட்டர்னில் உள்ள ஊசி எண்ணும் வேதவாக்கல்ல. எழுதியவரின் கைக்கு 4 மி.மீ. என்றால் உங்கள் கைக்கு 3.5 ஆக இருக்கலாம், 4.5 ஆகவும் இருக்கலாம். கேஜ்தான் கணக்கு.

ஊசியை எப்போதும் மில்லிமீட்டரில் பாருங்கள். பிரிட்டிஷ் பழைய எண்முறையில் 8 என்றால் 4 மி.மீ.; அமெரிக்க எண்முறையில் 8 என்றால் 5 மி.மீ. பிரிட்டிஷ் முறையில் எண் ஏற ஏற ஊசி மெலியும், அமெரிக்க முறையில் தடிக்கும். இந்தக் குழப்பத்தால் தவறான ஊசியில் அரை உடுப்பு பின்னியவர்கள் ஏராளம். எண் அழிந்துபோன ஊசிக்கு, துளைகள் உள்ள ஊசி அளவு அட்டையைப் பயன்படுத்துங்கள்.

மாதிரித் துண்டை எந்த ஊசியில் பின்னுகிறீர்களோ, கார்டிகனையும் அதே ஊசியில் பின்னுங்கள். அதே அளவுள்ள வேறொரு ஊசி போதாது. உலோக ஊசியில் கண்ணி வழுக்கும், மூங்கிலில் பிடித்துக்கொள்ளும், 4 மி.மீ. உலோகமும் 4 மி.மீ. மூங்கிலும் ஒரே கையில் வெவ்வேறு கேஜ் தரலாம்.

உடலைத் தட்டையாகப் பின்னுகிறேன், கைகளை வட்டமாகப் பின்னுகிறேன். ஒரே துண்டு போதுமா?

போதாது. கார்டிகனின் உடல் பகுதி முன்னும் பின்னுமாகத் திரும்பித் திரும்பிப் பின்னப்படுவது. ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல். கையை வட்டமாகப் பின்னும்போது பர்ல் வரிசையே கிடையாது. பெரும்பாலோருக்கு நிட் கண்ணியைவிடப் பர்ல் கண்ணி சற்றுப் பெரிதாக விழும். பர்ல் இல்லாத கை அதனால் இறுக்கமாக வரும், அக்குளில் உடலோடு சேருமிடத்தில் துணியின் தோற்றமே மாறித் தெரியும்.

வட்டப் பின்னலுக்கான மாதிரியை முழுக் குழாயாகப் பின்ன வேண்டியதில்லை. வட்ட ஊசியில் (இரு முனைகளை நெகிழும் கம்பி இணைக்கும் ஊசி) 36 கண்ணி ஏற்றி ஒரு வரிசை நிட் பின்னுங்கள். வரிசை முடிந்ததும் துண்டைத் திருப்பாமல் கண்ணிகளை ஊசியின் மறுமுனைக்குத் தள்ளி, நூலைப் பின்புறமாகத் தளர்வாகக் கொண்டுவந்து மறுபடி நிட் பின்னுங்கள். பின்னால் நீளமான நூல்கள் வரிசை வரிசையாகத் தொங்கும். அந்த நூல் துண்டின் அகலத்தைவிடக் குறைந்தால் துண்டு சுருங்கி அளவு பொய்யாகும், தாராளமாக விடுங்கள். கழுவும் முன் நடுவில் வெட்டி விரித்துவிடலாம், ஓரக் கண்ணிகள் மட்டும் தளரும்.

வித்தியாசம் தெரிந்தால் கைக்கு 0.25 அல்லது 0.5 மி.மீ. பெரிய ஊசி எடுங்கள். அல்லது கைகளையும் தட்டையாகப் பின்னித் தைத்துவிடுங்கள். அடிக்கடி உடுத்தும் கார்டிகனுக்குத் தையல் உள்ள கை உருக்குலையாமல் நிற்கும்.

துண்டில் இரண்டிரண்டு வரிசைகளாகக் கோடு தெரிகிறதே?

பர்ல் வரிசை நிட் வரிசையைவிடத் தளர்வாக இருப்பதன் அடையாளம். உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் பள்ளங்கள் இன்னும் தெளிவாகத் தெரியும். முனைகளைக் கழற்றி மாற்றும் வகை ஊசி இருந்தால், பர்ல் வரிசையைப் பின்னும் முனையை மட்டும் ஒரு அளவு சிறியதாக மாற்றுங்கள். லேசாக இருந்தால் கழுவியதும் பெரும்பாலும் அடங்கிவிடும். கழுவிய பிறகும் கோடு நின்றால் ஊசியை மாற்றாமல் கார்டிகனைத் தொடங்க வேண்டாம். பெரிய பரப்பில் அது இன்னும் துலக்கமாகத் தெரியும்.

துண்டைக் கழுவித்தான் ஆக வேண்டுமா?

ஆம். இதில் சமரசமே இல்லை. கார்டிகனை ஒருநாள் கழுவப்போகிறீர்கள். அது கழுவிய பிறகு எந்த அளவில் இருக்கும் என்பதைத்தான் துண்டிடம் கேட்கிறீர்கள். ஊசியில் இருந்து இறங்கியதும் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். பிறகு கார்டிகனை எப்படிக் கழுவுவீர்களோ அப்படியே துண்டையும் கழுவுங்கள். வாஷிங் மெஷினில் போடுவதாக இருந்தால் துண்டும் மெஷினுக்குப் போக வேண்டும்.

கையால் கழுவ: வெதுவெதுப்பான தண்ணீரில் கம்பளிக்கான சோப்புத் திரவம் சிறிது கலந்து, துண்டை 20 நிமிடம் ஊறவிடுங்கள். பிழியாமல் அழுத்தித் தண்ணீரை வெளியேற்றி, துவாலைக்குள் சுருட்டி மிதியுங்கள். பிறகு தட்டையாகப் பரப்பி, ஓரங்களை நேராக்கி, அது தானாக எந்த அளவில் படுக்கிறதோ அந்த அளவிலேயே காயவிடுங்கள். குண்டூசி குத்தி இழுத்து 10 செ.மீ.க்கு 22 கண்ணி வரவைப்பது உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்வது. கார்டிகனை உடுத்தும் நாளெல்லாம் ஊசிகுத்தி வைக்கவா முடியும்? துளைத் துளையாக வரும் லேஸ் பின்னலுக்கு மட்டும் விதிவிலக்கு. அது இழுத்துக் காயவைத்தால்தான் விரியும், கார்டிகனையும் அப்படித்தான் காயவைப்பீர்கள்.

முழுக்கக் காய்ந்த பிறகே அளக்க வேண்டும். ஈரம் இருக்கும் கம்பளி இன்னும் நெகிழ்ந்தே இருக்கும்.

இழைக்கு இழை நடத்தை வேறுபடும்:

சாதாரணக் கம்பளி தண்ணீரில் மலர்ந்து, கண்ணிகள் ஒன்றோடொன்று சமன்பட்டு நிற்கும். சூடான தண்ணீரும் தேய்ப்பும் சேர்ந்தால் இழைகள் பின்னிக்கொண்டு கெட்டியாகிச் சுருங்கிவிடும். அதைத் திருப்பவே முடியாது.

மெஷினில் கழுவலாம் என்று லேபிளில் குறிப்பிட்டிருக்கும் சூப்பர்வாஷ் கம்பளிதான் அதிகம் ஏமாற்றுவது. இழையின் மேலிருக்கும் செதில்களை நீக்கியோ மெல்லிய பூச்சால் மூடியோ அதைத் தயாரிக்கிறார்கள். செதில் பிடிமானம் போய்விடுவதால் நனைந்ததும் துணி இழுபட்டுப் பெரிதாகும், குறிப்பாக நீளவாக்கில். கழுவாத துண்டை நம்பிப் பின்னிய கார்டிகன் முதல் சலவையில் தொடைவரை இறங்குவது இதனால்தான்.

அல்பாக்கா (ஒட்டக இனத்து விலங்கின் ரோமம்), பட்டு, மூங்கில் இழை எல்லாம் வழுவழுப்பானவை, மீளும் தன்மை குறைந்தவை. துண்டில் பெரிதாகத் தெரியாது, முழு உடுப்பின் எடையில் தொங்கும். பருத்திக்கும் மீளும் தன்மை குறைவு. சில பருத்தி நூல்கள் முதல் சலவையில் நீளவாக்கில் சுருங்கி, பிறகு உடுத்த உடுத்த இறங்கும்.

அக்ரிலிக் தண்ணீரில் அதிகம் மாறாது. அதற்கு எதிரி சூடு. இஸ்திரிப் பெட்டியோ நேரடி ஆவியோ பட்டால் இழை உருகித் துவண்டு, பளபளப்பாகிவிடும். பழைய நிலைக்கு வரவே வராது. ஆவி காட்டினால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையானால் துண்டின் ஒரு மூலையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்படி அளப்பது?

துணி டேப் நாளடைவில் நீளும், கண்ணிகளின் மேல் வளையவும் செய்யும். கட்டையான ஸ்கேல் நல்லது. துண்டை மேசையில் பரப்பி, இழுக்காமல் அழுத்தாமல், நடுவில் 10 செ.மீ. தூரத்தின் இரு முனைகளிலும் குண்டூசி குத்துங்கள். இடையில் உள்ள ‘வி’ வடிவங்களை எண்ணுங்கள். அரை ‘வி’ இருந்தால் அரை என்றே எழுதுங்கள், முழுமையாக்க வேண்டாம். மூன்று இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். 5 செ.மீ. மட்டும் அளந்து இரண்டால் பெருக்கினால் பிழையும் இரண்டு மடங்காகும்.

கறுப்பு, கருநீல நூல்கள், மயிர் மயிராக நிற்கும் மொஹேர் போன்றவற்றில் கண்ணி கண்ணுக்கே தெரியாது. அவற்றுக்கு எதிர்த்திசையில் செல்லுங்கள்: பின்னும்போதே சரியாக 20 கண்ணி இடைவெளியில் இரண்டு வண்ண நூல் துண்டுகளைக் கோத்துவிட்டு, கழுவிக் காய்ந்த பின் அவற்றின் இடைத்தூரத்தை அளங்கள். 9.3 செ.மீ. வந்தால் 20 × 10 ÷ 9.3 = 21.5 கண்ணி. வரிசைக்கும் இதே வழி. உண்மையில் எல்லா நூலுக்கும் இதுதான் துல்லியமான முறை.

முழு கார்டரில் பின்னும் கார்டிகனுக்கு ஒரு மேடு இரண்டு வரிசை என்பதை மறக்க வேண்டாம்.

கேஜ் சேரவில்லை. அடுத்து என்ன?

10 செ.மீ.யில் கண்ணி அதிகமாக இருந்தால் உங்கள் பின்னல் இறுக்கம். பெரிய ஊசிக்குப் போங்கள். குறைவாக இருந்தால் சிறிய ஊசி. அரை மில்லிமீட்டர் மாற்றம் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கண்ணிவரை நகர்த்தும். கையை வேண்டுமென்றே இறுக்கியோ தளர்த்தியோ சரிசெய்யப் பார்க்காதீர்கள். பத்து வரிசைக்குத் தாக்குப்பிடிக்கலாம், பிறகு கை தன் பழக்கத்துக்கே திரும்பிவிடும்.

ஒரே துண்டில் 3.75, 4, 4.5 என்று ஊசி மாற்றி மாற்றிப் பின்னினால் முதற்கட்டத் தேர்வுக்கு உதவும். ஒவ்வொரு பகுதிக்கும் இடையில் ஒரு பர்ல் மேடு வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் அடுத்தடுத்த பகுதிகள் ஒன்றையொன்று இழுக்கும் என்பதால், தேர்ந்தெடுத்த ஊசியில் தனியாக ஒரு முழுத் துண்டு பின்னித்தான் இறுதி அளவை எடுக்க வேண்டும்.

எண்ணிக்கை சேர்ந்தாலும் துணி பிடிக்காமல் போகலாம். 22 கண்ணி வருவதற்காக 3.25 மி.மீ. ஊசிவரை இறங்கி, துணி அட்டைபோல விறைத்து நின்றால் அந்த நூல் அந்தப் பேட்டர்னுக்குத் தடிமன் அதிகம் என்று பொருள். நூலை மாற்றலாம். அல்லது உங்களுக்குப் பிடித்த துணி 20 கண்ணியில் கிடைக்கிறது என்றால், அளவை மாற்றலாம்: 100 செ.மீ.க்கு உங்கள் கேஜில் 200 கண்ணி வேண்டும். பேட்டர்னில் 200 கண்ணிக்கு அருகில் எந்த அளவு இருக்கிறது என்று பாருங்கள். 22 கண்ணிக் கணக்கில் அது 91 செ.மீ. அளவாக இருக்கும். அந்த அளவின் கண்ணி எண்ணிக்கைகளைப் பின்பற்றினால் உங்களுக்கு 100 செ.மீ. வரும். நீளங்களை மட்டும் உங்களுக்கு வேண்டிய செ.மீ. கணக்கிலேயே வையுங்கள்.

கண்ணி சேருகிறது, வரிசை சேரவில்லை. விட்டுவிடலாமா?

இரண்டும் ஒருசேர அமைவது அபூர்வம். ஊசி மாற்றிக் கண்ணியைச் சரிசெய்துகொண்டு, வரிசையைக் கணக்கில் சரிசெய்வதே நடைமுறை. அக்குள்வரை உடலை ‘36 செ.மீ. வரும்வரை பின்னுக’ என்று பேட்டர்ன் சொன்னால் வரிசை வேறுபாடு உங்களைத் தொடாது. எங்கே வடிவம் வரிசையோடு கட்டப்பட்டிருக்கிறதோ அங்கேதான் உதைக்கும்.

முதலில் ராக்லன் தோள், அதாவது கழுத்திலிருந்து அக்குள்வரை சாய்வாக இறங்கும் தோள். இரண்டு வரிசைக்கு ஒருமுறை கண்ணி கூட்டி 66 வரிசையில் 22 செ.மீ. ஆழம் வர வேண்டும். உங்களுக்கு 10 செ.மீ.யில் 28 வரிசை மட்டுமே வந்தால் ஆழம் 23.6 செ.மீ. ஆகும், அக்குள் கீழே இறங்கி, கையைத் தூக்கினால் முழு உடுப்பும் தூக்கும். 33 வரிசை வந்தால் 20 செ.மீ.தான், அக்குளில் வெட்டும். ஆழம் கூடினால் தோளின் தொடக்கத்தில் சில இடங்களில் எல்லா வரிசையிலும் கண்ணி கூட்டிச் சீக்கிரம் முடியுங்கள். குறைந்தால் கடைசிப் பகுதியில் இரண்டுக்குப் பதில் நான்கு வரிசைக்கு ஒருமுறை கூட்டுங்கள். கழுத்தருகே இந்த மாற்றங்களைச் செய்தால் கோடு கோணலாகத் தெரியும், முடிந்தவரை அக்குள் பக்கம் ஒதுக்குங்கள் என்று பலர் சொல்வார்கள்; ஆழத்தைக் கூட்டும்போது அது சரி. குறைக்கும்போது அகலம் முன்கூட்டியே தேவைப்படும் தோள்மேட்டில் செய்வதே பொருந்தும்.

அடுத்து கை. 36 செ.மீ. நீளத்துக்குள் 12 முறை கண்ணி குறைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 30 வரிசைக் கணக்கில் 108 வரிசை, 9 வரிசைக்கு ஒருமுறை. 28 வரிசைக் கணக்கில் ஏறத்தாழ 101 வரிசைதான் கிடைக்கும். 8 வரிசைக்கு ஒருமுறை குறைத்து 96இல் முடித்து, மீதி 5 வரிசையை நேராகப் பின்னுங்கள். பேட்டர்ன் சொன்ன 9ஐயே பிடித்துக்கொண்டிருந்தால் மணிக்கட்டைத் தாண்டித்தான் குறைப்பு முடியும்.

பின்னும்போது அளக்கும் நீளமும் கழுவிய பின் நீளமும் வேறாக இருக்குமே?

அதற்காகத்தான் கழுவும் முன்னும் அளந்து வைக்கச் சொன்னோம். கழுவும் முன் 10 செ.மீ.யில் 31 வரிசை, கழுவிய பின் 29 வரிசை என்று வைத்துக்கொள்ளுங்கள். இறுதியில் 40 செ.மீ. வேண்டுமானால் 40 × 2.9 = 116 வரிசை. அது ஊசியில் இருக்கும்போது 116 ÷ 3.1, அதாவது 37.4 செ.மீ.தான் காட்டும். டேப்பில் 40 வரும்வரை பின்னினால் கழுவிய பிறகு 42.8 செ.மீ. ஆகிவிடும். நீளத்தை டேப்பால் அளப்பதைவிட வரிசை எண்ணிப் பின்னுவது பாதுகாப்பு.

பெரிய கார்டிகன் தன் எடையிலேயே தொங்குமே, அதைத் துண்டில் பார்க்க முடியுமா?

முடியும். 15 செ.மீ. உயரமுள்ள துண்டு 60 செ.மீ. நீளக் கார்டிகனில் நாலில் ஒரு பங்கு. கார்டிகனில் தோளருகே இருக்கும் 15 செ.மீ. துணி, கீழே இருக்கும் மூன்று பங்கின் எடையைச் சுமக்கிறது. எனவே துண்டின் எடை 10 கிராம் என்றால் 30 கிராம் எடையைக் கீழே மாட்டுங்கள். அடி ஓரத்தில் ஒரு மெல்லிய குச்சியைக் கோத்து, குச்சியில் கிளிப்புகளை மாட்டினால் எடை சீராகப் பரவும். மேல் ஓரத்தையும் இன்னொரு குச்சியில் கோத்து ஒரு நாள் தொங்கவிட்டு, தொங்கும் நிலையிலேயே வரிசையை அளங்கள்.

சாதாரணக் கம்பளியில் சிறு மாற்றம்தான் இருக்கும். அல்பாக்காவோ பருத்தியோ என்றால் நிலைமை வேறு. தொங்கும் நூல்தான் வேண்டும் என்றால் ஒரு அளவு சிறிய ஊசி எடுப்பது, தோளையும் பக்கங்களையும் தைத்து இணைப்பது, பின்கழுத்தில் உள்ளே ஒரு நாடா வைத்துத் தைப்பது ஆகியவை கைகொடுக்கும்.

கேபிள், லேஸ் உள்ள கார்டிகனுக்கு?

ஸ்டாக்கினெட் துண்டை வைத்து, முறுக்குக் கயிறுபோலத் தெரியும் கேபிளின் அளவை ஊகிக்க முடியாது. கண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதால் கேபிள் அகலத்தைச் சுருக்கும். லேஸ் பெரும்பாலும் விரியும். டிசைனின் ஒரு சுற்றாவது அகலத்தில் முழுமையாக, உயரத்தில் இரண்டு சுற்றாவது பின்னுங்கள், இருபுறமும் சில ஓரக் கண்ணிகள் சேர்த்து. 10 செ.மீ.க்கு எத்தனை என்று எண்ணாமல், 24 கண்ணிக் கேபிள் பட்டை எத்தனை செ.மீ. என்று பட்டையாகவே அளங்கள். உடலில் பாதி ஸ்டாக்கினெட், பாதி கேபிள் என்றால் இரண்டுக்கும் தனித்தனித் துண்டு.

பட்டன் பட்டியையும் துண்டிலேயே சோதிக்கலாமா?

கார்டிகனுக்கான துண்டு என்றால் இதைச் செய்யாமல் விடக்கூடாது. கெட்டுப்போகும் கார்டிகன்களில் பாதி பட்டியில்தான் கெடுகிறது. இதற்கு ஒரு ஓரத்தில் கார்டர் இல்லாமல் பின்னுங்கள்; உடலின் முன் ஓரத்தை எப்படிப் பின்னுவீர்களோ அப்படியே.

கழுவிக் காய்ந்த துண்டின் அந்த ஓரத்திலிருந்து கண்ணி எடுத்து, பட்டிக்கான சிறிய ஊசியில் (உடல் ஊசியைவிட 0.5 முதல் 0.75 மி.மீ. குறைவாக) ரிப், அதாவது நிட்டும் பர்லும் மாறி மாறி வரும் பின்னல், பின்னுங்கள். எத்தனை வரிசைக்கு எத்தனை கண்ணி எடுப்பது என்பதே முக்கியம். வரிசை 30, பட்டியின் கண்ணி 10 செ.மீ.க்கு 22 என்றால், நான்கு வரிசைக்கு மூன்று கண்ணி. உங்கள் ரிப் 24 கண்ணி காட்டினால் ஐந்துக்கு நான்கு. அதிகமாக எடுத்தால் பட்டி அலை அலையாக நெளியும். குறைவாக எடுத்தால் முன் ஓரம் மேலே இழுபட்டு, கீழ் மூலைகள் தூக்கிக்கொள்ளும்.

அதே பட்டியில் இரண்டு காஜாவும் போட்டுப் பாருங்கள். வாங்கிய பட்டனைக் கையில் வைத்துக்கொண்டே செய்யுங்கள். நூலை ஊசிமேல் ஒருமுறை சுற்றி அடுத்த இரண்டைச் சேர்த்துப் பின்னும் காஜா சிறு பட்டனுக்குப் போதும். பெரிய பட்டனுக்கு 2 அல்லது 3 கண்ணியை மூடி, அடுத்த வரிசையில் அதே எண்ணிக்கையை ஏற்ற வேண்டும். பட்டன் சற்று மல்லுக்கட்டித்தான் நுழைய வேண்டும். சுலபமாக நுழைந்தால், பின்னல் இளகிய பிறகு தானாகவே கழன்றுகொள்ளும்.

இரண்டு நிறம் பயன்படுத்துகிறேன். சாயம் போகுமா?

இரண்டு நிறமும் உள்ள துண்டையே பின்னி, கார்டிகனைக் கழுவும் அதே சூட்டில், அதே சோப்பில் ஊறவிட்டு, வெள்ளைத் துணிமேல் காயவிடுங்கள். சிவப்பு, கருநீலம், கறுப்பு ஆகியவற்றோடு வெள்ளை சேரும்போது இது கட்டாயம். கையால் சாயமிட்ட நூல் என்றால் ஒரே டை லாட்டிலும் (ஒரே தடவையில் சாயமிட்ட தொகுதி) கண்டுக்குக் கண்டு நிறம் மாறும். இரண்டு கண்டுகளை இரண்டிரண்டு வரிசையாக மாற்றி மாற்றிப் பின்னினால் வித்தியாசம் கலந்துவிடும். ஓரத்தில் நூல் ஏறுவது எப்படித் தெரிகிறது என்பதைத் துண்டில் பார்த்துக்கொள்ளலாம்.

மொத்தம் எவ்வளவு நூல் வேண்டும் என்று துண்டு சொல்லுமா?

ஓரளவு நன்றாகவே சொல்லும். ஓரம் உட்பட முழுத் துண்டு 20 × 18 செ.மீ., எடை 14 கிராம் என்றால் ஒரு சதுர செ.மீ.க்கு 0.039 கிராம். உடல் 100 × 58 = 5,800 ச.செ.மீ. கை ஒன்றுக்குச் சராசரி அகலம் 34, நீளம் 46, இரண்டுக்கும் சேர்த்து 3,128. மொத்தம் 8,928 × 0.039 = 348 கிராம். அக்குளிலும் கழுத்திலும் குறையும் பகுதி பட்டிக்கும் கழுத்து ரிப்புக்கும் ஏறக்குறைய ஈடாகும். 15 சதவீதம் சேர்த்தால் 400 கிராம். 50 கிராம் கண்டுகள் எட்டு. ஒன்று கூடுதலாக வாங்குவதே புத்திசாலித்தனம். கேபிள் உள்ள துணியைக் கேபிள் துண்டின் எடையை வைத்துத்தான் கணக்கிட வேண்டும்.

ஒரு கிராம் துல்லியமுள்ள தராசில் 14 கிராம் துண்டை நிறுத்தால் 3 முதல் 4 சதவீதம் பிழை வரும். துண்டு பெரிதாக இருக்க இதுவும் ஒரு காரணம்.

கையை முதலில் பின்னி அதையே மாதிரியாக வைத்துக்கொள்ளலாமா?

கைகளைத் தனியாகப் பின்னித் தைக்கும் கார்டிகன் என்றால் நல்ல யோசனை. ஆனால் அதையும் பாதியில் நிறுத்தி, கண்ணிகளை வேறு நூலில் மாற்றிக் கழுவிக் காயவைத்து அளந்தால்தான் பயன். கழுத்திலிருந்து கீழே இறங்கும் பேட்டர்னில் இது நடக்காது. முதலில் வருவதே மிகவும் துல்லியம் தேவைப்படும் தோள்.

துண்டு சரியாக இருந்தது, உடலில் கேஜ் மாறிவிட்டது. ஏன்?

44 கண்ணியில் கை ஒருவிதமாகவும், 220 கண்ணியில் வேறுவிதமாகவும் இயங்கும். நீண்ட வரிசையில் கை லயம் பிடித்துத் தளரும், துணியின் எடையும் ஊசியை இழுக்கும். 10 செ.மீ. பின்னியதும் நிறுத்தி, நீளமான வட்ட ஊசிக்கோ வேறு நூலுக்கோ மாற்றித் தட்டையாகப் பரப்பி அளங்கள். ஒப்பிட வேண்டியது துண்டின் கழுவும் முன் அளவோடு. பலர் கழுவிய அளவோடு ஒப்பிட்டு வீணாகப் பயந்து பிரித்துவிடுகிறார்கள்.

குரோஷா கார்டிகனுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். கொக்கி ஊசியால் பின்னும் குரோஷாவில் வரிசை உயரம் கைக்குக் கை இன்னும் அதிகமாக மாறும். முதல் கண்ணியை எவ்வளவு தூக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. துணியும் கனமாக இருக்கும், எனவே தொங்கவிட்டுப் பார்ப்பதைத் தவிர்க்க வேண்டாம்.

கடைசியில் துண்டைப் பிரித்து நூலைப் பயன்படுத்தலாமா?

நூல் பற்றாமல் போனால் பயன்படுத்தலாம். பிரித்த நூல் சுருள் சுருளாக இருக்கும். ஈரப்படுத்தித் தொங்கவிட்டு நேராக்கிய பிறகே பின்னுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பகுதி மட்டும் சீரில்லாமல் தெரியும். மொஹேரைப் பிரிப்பது பெரும்பாடு.

பிரிக்காமல் வைத்திருப்பதற்கே எங்கள் வாக்கு. ஊசி எண், கழுவும் முன் கேஜ், கழுவிய பின் கேஜ், டை லாட் எண் நான்கையும் ஒரு சீட்டில் எழுதித் துண்டோடு கட்டிவையுங்கள். சீட்டு தொலைந்தாலும் ஊசி அளவு தெரிய, கடைசி கார்டர் பகுதியில் 4 மி.மீ.க்கு நான்கு சிறு துளைகள் போட்டுவிடலாம், அரை மி.மீ.க்கு ஒரு பர்ல் புள்ளி. கார்டிகனில் என்றாவது முழங்கை தேய்ந்தால், அதே நூலில் ஒட்டுப்போட இந்தத் துண்டைப் பிரித்துக்கொள்ளலாம். கார்டிகனைக் கழுவும்போதெல்லாம் துண்டையும் கூடப் போட்டுவந்தால் நிறமும் பொருந்தும்.